சாட்டிக் கிணறும் சங்கத்தார் தொண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையிலே யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கு நோக்கிப் புறப்படுவோமாயின், இரு மருங்கும் ஆழமற்ற கடல் பளபளக்க, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து, ஒரு மணி நேரத்துக்குள் வேலணைத் தீவின் தென்கரையை அடைந்துவிடலாம். அங்கேதான் சாட்டிக் கடற்கரை இருக்கின்றது. வெண்மணற் பரப்பு; அலையடங்கிய கடல்; காற்றிலே சலசலக்கும் பனையோலை. குழந்தைகள் நீரிலே குதித்து விளையாட, பெரியோர் மணலில் அமர்ந்து கதை பேசுவர். நகரத்து வெம்மையிலே வாடிய குடும்பங்களுக்கு இதனினும் சிறந்த இளைப்பாறுமிடம் எளிதிற் கிட்டாது.

ஆயினும் சாட்டியின் பெருமை அதன் கடலில் மாத்திரம் இல்லை. கடலுக்கு மிக அண்மையிலே, மணலுக்குக் கீழே, நாவுக்கு இனிய நன்னீர் ஊறுகின்றது. அதுவே சாட்டியின் பெருஞ்செல்வம். இவ்விடத்துக் கிணறுகளின் நீர் குழாய் வழியாகவும் பவுசர் வண்டிகளிலும் சென்று, குடிநீருக்குத் தவிக்கும் அயற்கிராமங்களின் தாகத்தைத் தணித்து வந்திருக்கின்றது. சுற்றிலும் உப்புக்கடல் சூழ்ந்த தீவகத்தில் ஒரு குடம் நன்னீரின் அருமை, அதற்காக வெயிலிற் காத்து நின்ற தாய்மாருக்கே தெரியும்.

சமூக சேவைச் சங்கங்களின் தொண்டு பற்றி எழுதப் புகுந்த நாம் சாட்டிக் கிணற்றிலே தொடங்குவானேன் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் உண்டு. தொண்டு என்பது யாது, அது எப்போது பயன் தரும், எப்போது தீங்காகவும் முடியும் என்பனவற்றையெல்லாம் இக்கிணறு நமக்கு நன்கு கற்பிக்கும்.

மணலுக்குள் மிதக்கும் நீர்

மாணவர்கள் இதனைச் சற்றுக் கவனித்துக் கற்பார்களாக. தீவகத்திலே ஆறு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலே வாடைக் காற்றுடன் பெய்து தீர்ந்துவிடும். அம்மழை நீர் மணலினூடு வடிந்து நிலத்தினுள் இறங்குகின்றது. அங்கே ஏற்கனவே கடல்நீர் புகுந்து நிற்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் பார்க்கச் சிறிது பாரங் குறைந்ததாதலால், அதனுடன் உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கின்றது. மிதக்கும் அந்த நீர்த்திரள் நடுவிலே தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், மூக்குக்கண்ணாடி வில்லை போன்ற வடிவில் அமைகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக, ஒல்லாந்தரான கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதனை ஆராய்ந்து ஒரு கணக்கை வகுத்தனர். நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருக்குமாயின், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. வேலணைக்கு லெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டிச் சென்றவர்கள் ஒல்லாந்தர். அவர்தம் நாட்டு மணற்கரையில் ஆராய்ந்தறிந்த உண்மை நமது தீவகத்துக்கும் பொருந்துவது வியப்பன்று. நிலமும் நீரும் எங்கும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை அன்றோ?

இக்கணக்கில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கின்றது. மேலே 1 அடி நீர் குறைந்தால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி வரை மேலெழும்பக்கூடும். அளவோடு அள்ளுபவனுக்கு ஊற்று ஊட்டும். ஆசையோடு அள்ளுபவனுக்கு உவர்க்கும். இயந்திரத்தை வைத்து இரவுபகலாக இறைத்தாலும், நீரைத் தாங்கி நிற்கும் மணலை வெட்டி வண்டியிலேற்றிச் சென்றாலும், கெடுவது ஒருவருடைய கிணறு மாத்திரம் அன்று; ஊர் முழுவதன் கிணறுகளுமே.

ஆகவே தீவகத்திலே கிணறு என்பது ஒருவருக்குச் சொந்தமான வளவுக்குள் இருந்தாலும், அதன் நீர் எல்லோருக்கும் பொதுவானது. அதனைக் காப்பதும் பொதுத் தொண்டேயாகும்.

சங்கங்கள் தோன்றிய வரலாறு

பொதுத் தொண்டு நமக்குப் புதியதன்று. ஒருவர் வீட்டுக் கூரை வேய்வதற்கும் கிணறு இறைப்பதற்கும் அயலவர் கூடிவருவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். பின்னாளிலே மூலைக்கு மூலை எழுந்த சனசமூக நிலையங்கள், பத்திரிகை படிக்க ஒரு மேசையையும் அமர்ந்து பேச ஒரு வாங்கையும் இட்டு, ஊர்ப் பொதுக்காரியங்களுக்கு ஒரு கூரையைத் தந்தன. வாசிகசாலையிலே கூடிய இளைஞர்கள் மாலையில் மண்வெட்டியுடன் ஒழுங்கையைத் திருத்தப் புறப்பட்ட செய்தியைச் சொல்லாத ஊர் யாழ்ப்பாணத்திலே அரிது.

மேலைநாட்டிலே சேவைக் கழகங்கள் வேறு வகையில் தோன்றின. 1905 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆந் திகதி, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் கூடிப் பேசியதிலிருந்து றோட்டரிக் கழகம் பிறந்தது. கூட்டம் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைமாறிச் சுழன்று நடைபெற்றமையால் அப்பெயர் ஏற்பட்டது. அதே நகரத்தில் 1917 ஆம் ஆண்டு மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் லயன்ஸ் கழகம் உருவாயிற்று. கண்ணும் செவியும் இழந்தும் கல்வியிற் சிறந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925 ஆம் ஆண்டில் அக்கழகத்தாரின் மகாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோர்க்குத் துணைநிற்குமாறு வேண்டினார். அன்று அவர்கள் ஏற்ற பணியினாலேயே இன்றும் லயன்ஸ் கழகம் என்றவுடன் கண் சிகிச்சை முகாம் நம் நினைவுக்கு வருகின்றது.

நமது இலங்கைத் தீவும் இத்துறையில் உலகுக்கு வழிகாட்டியிருக்கின்றது. 1958 ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின அவர்கள், தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்று, கிராமத்தவருடன் தங்கி உழைத்தார். பணத்தைக் கொடாமல் உழைப்பைக் கொடுக்கும் அச்சிரமதானமே சர்வோதய இயக்கமாக வளர்ந்து நாடெங்கும் பரந்தது. அதே 1958 இல் ஹட்சன் சில்வா என்னும் இளைஞர், இறந்தபின் கண்களைத் தானஞ் செய்யுமாறு வேண்டிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தம் அன்னையார் காலமானபோது அவருடைய கண்களையே தானமாக வழங்கித் தம் சொல்லை மெய்ப்பித்தார். 1961 இல் கண்தானச் சங்கம் அமைந்தது. 1964 இல் முதன்முறையாகக் கண்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அதன்பின் நம் நாட்டவர் ஈந்த கண்கள் எத்தனையோ தேசங்களில் இருளகற்றியிருக்கின்றன. ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து இத்துணைப் பெரும் பணி விளைந்தது என்பதை எண்ணுந்தோறும் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் ஊக்கம் பிறக்கும்.

போர் நடந்த காலத்தும் தொண்டு ஓய்ந்துவிடவில்லை. 1990களில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து நாடெங்கும் ஒரே நாளில் வழங்கப்பட்டபோது, அரசாங்கமும் யுனிசெப் நிறுவனமும் றோட்டரிக் கழகத்தாரும் இணைந்து, அந்நாட்களில் வடபகுதியிற் சண்டை ஓயும்படி பேசி இணக்கங் கண்டனர். அப்பணியில் முன்னின்ற கே. ஆர். ரவீந்திரன் அவர்கள் பின்னர் 2015-16 ஆம் ஆண்டுக்கு உலக றோட்டரியின் தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் இலங்கையர் அவரே. 1993 இன் பின்னர் இலங்கையிலே இளம்பிள்ளைவாத நோயாளர் எவரும் காணப்படவில்லை. இரு சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் மௌனித்தன என்றால், தொண்டின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நன்மை செய்யப் புகுந்து தீமை விளைந்த கதை

இனி, நாம் மனங்கொள்ளவேண்டிய மறுபக்கம் ஒன்றுண்டு. நல்லெண்ணம் ஒன்றே போதும், தொண்டு தானாகச் சிறக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கீழைக்கரையைத் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான கிணறுகளிற் கடல்நீர் புகுந்தது. உதவிக்கு விரைந்த தொண்டர் அமைப்புகள் பல, கிணறுகளைத் துப்புரவு செய்யும் ஆர்வத்தால் இயந்திரங்களை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தன. ஓர் அமைப்பு இறைத்துச் சென்ற கிணற்றை மற்றோர் அமைப்பு மறுநாள் வந்து இறைத்ததும் உண்டு. பின்னர் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் ஆராய்ந்த நிலத்தடி நீர் அறிஞர்கள், இவ்வாறு மிகுதியாக இறைத்தமை பல கிணறுகளில் உவர்ப்பைப் போக்குவதற்குப் பதிலாக, அடியிலிருந்த உப்புநீரை மேலே இழுத்து நிலைமையை மோசமாக்கியது என்று கண்டனர். ஒருமுறை மெதுவாக இறைத்துச் சேற்றை அகற்றியபின், மழை வந்து கழுவும்வரை பொறுத்திருத்தலே நலம் என அவர்கள் எடுத்துரைத்தனர்.

தொண்டர்களின் அன்பிலே குறையில்லை, உழைப்பிலே குறையில்லை. ஊரின் மண்ணையும் நீரையும் அறிந்துகொள்ளாமையே குறை. கைபனும் ஹெர்ஸ்பேர்க்கும் வகுத்த கணக்கை அறிந்த பள்ளி மாணவன் ஒருவன் அங்கே இருந்திருப்பானாயின், "ஐயா, சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லியிருப்பான்.

ஆகவே தொண்டுக்கு முதல் தேவை அன்பு, இரண்டாவது அறிவு. மூன்றாவதும் ஒன்றுண்டு. அதனைத் தமிழ்க் காப்பியம் ஒன்று நமக்குச் சொல்லித் தருகின்றது.

ஆபுத்திரன் கண்ட தீவு

மணிமேகலையிலே ஆபுத்திரன் கதை வருகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்று, பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தவன் அவன். சாவக நாட்டிலே மழையின்றி உயிர்கள் வாடுகின்றன என்று கேள்வியுற்று, அங்குச் செல்லக் கப்பலேறினான். வழியிலே காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத் தீவிலே தங்கியது. அவன் இறங்கினான், அவன் இறங்கியதை அறியாமல் கப்பல் போய்விட்டது. மனிதர் நடமாட்டமில்லாத அத்தீவிலே குறையாத பாத்திரம் கையில் இருக்கிறது; உண்ண ஓர் உயிர் இல்லை. தன் ஒருவன் வயிற்றை மாத்திரம் அதனால் நிரப்ப அவனுக்கு மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். அப்பாத்திரமே பின்னர் மணிமேகலையின் கையை அடைந்தது.

நயினாதீவே அந்த மணிபல்லவம் எனக் கொள்வோர் உளர். நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனி மாத மகோற்சவத்துக்குக் குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லும் அடியார்களுக்கு அன்னமிடும் மடத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். எத்துணைப் பொருத்தமான பெயர்!

ஆனால் ஆபுத்திரனின் துயரம் இன்றைய தீவகத்துக்கும் பொருந்துவதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. 1990 ஆம் ஆண்டளவிலும் அதன் பின்னரும் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வன்னிக்கும் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றவர்களுள் திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே. கூரையிழந்த வீடுகளும், பற்றை மூடிய வளவுகளும், பல்லாண்டாக இறைக்கப்படாத கிணறுகளும் இன்றும் வழிநெடுகக் காணப்படுகின்றன. அதேவேளை, இலண்டனிலும் பாரிசிலும் தொரொன்ரோவிலும் வாழும் ஊரவர் தத்தம் ஊரின் பெயராற் சங்கங்களை அமைத்து, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் பொருள் அனுப்பிய வண்ணம் இருக்கின்றனர். பாத்திரம் நிறைந்திருக்கின்றது, ஏந்தும் கைகளும், ஏற்றதை ஆளும் கைகளும் குறைந்திருக்கின்றன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? தீவகத்திலே செய்யப்படும் ஒவ்வொரு தொண்டும், "இதனை நாளை யார் பராமரிப்பார்?" என்ற வினாவுக்கு விடை கூறவேண்டும். நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டித் திறப்புவிழாச் செய்து, பெயர்ப் பலகையும் மாட்டிப் புகைப்படமும் எடுத்துக்கொண்டு செல்வது ஒருநாட் காரியம். அத்தொட்டியின் குழாய் பழுதுற்றால் திருத்தக்கூடிய இளைஞன் ஒருவனை அவ்வூரிலேயே பழக்கி விடுவதே தொண்டின் மறுபாதி. ஊரிலே தங்கி வாழ்வோரின் வாழ்வு சிறக்கும்படி செய்யும் தொண்டே, சென்றோர் சிலரையேனும் திரும்பி வரச் செய்யும். நிலைபேறு என்பதே நாம் கூற வந்த மூன்றாவது தேவை.

ஓராண்டுத் தொண்டு

இவ்வாறாயின், தீவகத்திலே ஒரு சேவைச் சங்கம் செய்யத்தக்கது என்ன? பருவத்தை ஒட்டி ஒரு திட்டத்தை இங்கே கூறுகின்றோம். மாணவர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் இதனை எளிதிற் பின்பற்றலாம்.

ஆடி, ஆவணி மாதங்களில் கிணறுகளின் நீர் மிகக் கீழே இறங்கிவிடும். பொதுக்கிணறுகளைத் துப்புரவு செய்ய அதுவே காலம். வாளியாலோ சிறிய இயந்திரத்தாலோ மெதுவாக இறைத்து, சேற்றைக் கடகத்தில் அள்ளி வெளியேற்ற வேண்டும். இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் ஒருபோதும் ஆகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு உள்ளிருப்பவரின் உயிரையே பறித்துவிடும். இறங்குபவரின் இடையிலே கயிறு கட்டி, மேலே இருவரேனும் காவல் நிற்றல் வேண்டும். தொண்டு செய்யப் போன வீட்டிலே துக்கம் விளைய இடமளிக்கலாகாது.

புரட்டாசியில் மழைக்கு முன்னர் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி, அவற்றுக்கு நீர் வரும் வாய்க்கால்களைத் திறந்துவிட வேண்டும். பெய்யும் மழை கடலுக்கு ஓடாமல் நிலத்துக்குள் இறங்கினாலன்றோ அடுத்த ஆடிக்குக் கிணற்றில் நீர் இருக்கும்? கரையோரத்திலே பனங்கொட்டைகளை நடுதற்கும் அதுவே தருணம். அன்று நடுபவர் அம்மரத்தின் நுங்கை உண்ண ஏறக்குறைய 15 ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும். ஆகையாலேதான் பனை நடுதல் தொண்டுகளிற் சிறந்தது என்கிறோம். கைம்மாறு கருதாமை அதிலே இயல்பாகவே அமைந்திருக்கின்றது.

தை, மாசியில் புதிய பள்ளி ஆண்டு தொடங்குகின்றது. புத்தகப் பையும் சப்பாத்தும் இல்லாத பிள்ளைகளுக்கு அவற்றை வழங்குவதாயின், மேடையேற்றிப் பெயர் வாசித்துக் கொடுத்தல் வேண்டாம். ஆசிரியர் மூலம் அமைதியாக வீட்டுக்குச் சேர்ப்பிக்கலாம். வாங்கும் குழந்தையின் மானமும் நாம் காக்கவேண்டிய பொருளே. கண் பரிசோதனை முகாம்களையும் அக்காலத்தில் வைக்கலாம். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு போன்ற இடங்களின் முதியோர் கடல் கடந்து வருவதினும், வைத்தியர் குழு அங்குச் செல்வதே முறை.

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போது, ஒவ்வொரு பொதுக்கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து சனசமூக நிலையத்திலுள்ள ஒரு கொப்பியிற் பதிய வேண்டும். உவர்ப்பை அளக்கும் சிறு கருவி இன்று பெருஞ் செலவின்றிக் கிடைக்கின்றது. மாதந்தோறும் இருமுறை இரு மாணவர்கள் இப்பணியைச் செய்வார்களாயின், சில ஆண்டுகளில் அக்கொப்பி ஊருக்கே ஓர் அரிய நூலாகிவிடும். எந்தக் கிணறு களைத்துவிட்டது, எதற்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்பதை அது சொல்லும். குடாநாட்டின் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறந்து வைக்கப்பட்டது உண்மையே. இயந்திரம் தரும் நீரை நாம் வரவேற்போம். ஆயினும் முன்னோர் தோண்டிய ஊற்றை அதற்காகக் கைவிடுதல் பேதைமை.

இத்திட்டத்தில் பெருந்தொகைப் பணம் வேண்டப்படும் பகுதி எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். வேண்டப்படுவன கைகளும், கவனமும், ஆண்டுதோறும் மறவாது திரும்பி வரும் மனமுமே. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் ஒருநாள் மண்வெட்டி பிடிப்பார்களாயின், பாட்டனார் ஊர் அவர்களுக்கும் சொந்த ஊராகிவிடும்.

சாட்டிக் கரையிலே பொழுது சாய்கின்றது. கடலில் விளையாடிய குழந்தைகள் தாகத்தோடு ஓடி வருகின்றனர். தாய் ஒருத்தி செம்பிலே நன்னீரை மொண்டு கொடுக்கின்றாள். அந்நீர் எங்கிருந்து வந்தது என்று குழந்தை கேட்பதில்லை. கேட்க வேண்டிய வயதும் அன்று. அடுத்த தலைமுறைக் குழந்தையும் அவ்வாறே கேளாமல் குடிக்கும்படி அவ்வூற்றைக் காத்து வைப்பதே நம் சங்கங்கள் செய்யத்தக்க தலையாய தொண்டாகும்.